கதை எப்படிப் பிறந்தது என்று எழுதி வைத்த வாத்தியார்: ரெஜ்ஜோ எமிலியா, 1972 – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் "ஒரு கதை சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி வடை சுடுவார், காக்கா தூக்கிப் போகும், நரி வந்து பாடச் சொல்லும். முடித்த கையோடு குரல் மாறும்: "இக்கதையின் நீதி யாதெனில்…" இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் பள்ளியில் கேட்ட கதையெல்லாம் அப்படித்தான் முடிந்தது. பயிற்சி கொடுக்கும் நாம் மட்டும் என்ன செய்கிறோம்? முகமூடி வெட்டச் சொல்கிறோம், குச்சிப் பொம்மை ஒட்டச் சொல்கிறோம், குரலின் ஏற்ற இறக்கத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் போட்டுவிடுகிறோம். கதையை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வருகிறார்கள், ஒப்பிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒரு கதை எப்படி உண்டாகிறது என்பது இரண்டு வருடப் பயிற்சியில் ஒரு பீரியட்கூட வருவதில்லை.

அதனால்தான் ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பயிலரங்கை இங்கே பிரித்துப் பார்க்கிறேன். 1972 மார்ச் 6 முதல் 10 வரை, இத்தாலியின் வடக்கே ரெஜ்ஜோ எமிலியா என்ற நகரில் நடந்தது. வந்திருந்தவர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்த ஆசிரியர்கள். ஆனாலும் நாளைக்கு வகுப்புக்குப் போகப்போகிறவரை எப்படித் தயார் செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து குறைவு.

ஒரு மோசமான வாத்தியார்

பயிலரங்கை நடத்தியவர் ஜான்னி ரோதாரி. 1920-ல் ஓர்த்தா ஏரிக்கரையில் ஓமெஞ்ஞா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பேக்கரி வைத்திருந்தார். பையன் சின்னவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். ரோதாரி ஆசிரியர் பட்டயம் வாங்கியபோது வயது பதினேழுதான். பிறகு தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் பாசிச எதிர்ப்பில் இறங்கினார், கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைகளில் செய்தியாளரானார், குழந்தைகளுக்கு எழுதத் தொடங்கினார். 1970-ல் குழந்தை எழுத்தாளருக்கான ஆண்டர்சன் விருது கிடைத்தது.

தன் ஆசிரியர் நாட்களைப் பற்றி அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார்: நான் ரொம்ப மோசமான வாத்தியாராகத்தான் இருந்திருக்க வேண்டும், தயாரிப்பு கிடையாது, மொழியியல், மார்க்சியம் என்று மண்டையில் எல்லாம் இருந்தது, பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. ஆனால் சலிப்பூட்டும் வாத்தியாராக இருந்திருக்க மாட்டேன் என்று கூடவே ஒரு வரி சேர்க்கிறார். பாதி பாசத்தாலும் பாதி விளையாட்டு ஆசையாலும், நிஜத்தோடோ நல்ல புத்தியோடோ ஒட்டே இல்லாத கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பகுதியைத்தான். வகுப்பில் கை கால் உதறும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

அதற்கும் முன்னால் ஒரு சங்கதி. 1938 வாக்கில், ஜெர்மனியில் இனவெறிக்குத் தப்பி இத்தாலியில் சில மாதம் தங்கிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர் இத்தாலிய மொழி சொல்லிக் கொடுத்தார். மஜ்ஜோரே ஏரியை ஒட்டிய குன்றில் ஒரு பண்ணை வீடு. காலை ஏழு முதல் பத்து வரை பாடம், மீதிப் பொழுது காட்டில் நடை, வாசிப்பு. அப்போது ஜெர்மன் கவிஞர் நோவாலிஸின் ஒரு துண்டுக் குறிப்பு கண்ணில் படுகிறது. தர்க்கத்துக்கு ஒரு சாஸ்திரம் இருப்பதுபோல் கற்பனைக்கும் ஒன்று இருந்திருந்தால், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் கலை நம் கைக்கு வந்திருக்கும் என்பது அதன் சாரம். அந்தக் கற்பனை சாஸ்திரத்துக்கு நோவாலிஸ் வைத்த பெயரின் இத்தாலிய வடிவம்தான் 'ஃபண்டாஸ்டிக்கா'.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். வகுப்பில் சொன்ன கதைகளை அதில் எழுதவில்லை. அந்தக் கதைகள் எப்படிப் பிறந்தன என்பதை எழுதினார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு மோதியது, எந்தத் தவறு எதைக் கிளப்பிவிட்டது என்று. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நோட்டுதான். நம் பயிற்சி ஆசிரியர்களின் நோட்டில் கதைகள் இருக்கின்றன. பிறந்த கதை இல்லை.

வயலட் தூண்கள்

ரெஜ்ஜோ எமிலியா சும்மா ஒரு நகரம் இல்லை. 1945-ல் போர் முடிந்த கையோடு, பக்கத்து வில்லா செல்லா கிராமத்து மக்கள் ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். செய்தி கேட்டு சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுத்ஸி, பிற்பாடு அந்நகரத்துப் பள்ளிகளை உலகமே வந்து பார்க்கும்படி வளர்த்தவர். 1963-ல் நகராட்சியே மழலையர் பள்ளி நடத்தத் தொடங்கியது. அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் 1972-ல் ரோதாரிக்கு அழைப்பு வந்தது.

அந்த வாரத்தைத் தன் வாழ்க்கையின் மிக இனிய வாரங்களில் ஒன்று என்று எழுதிய ரோதாரி, அதற்கு மூன்று காரணம் சொல்கிறார். முதலாவது, நகராட்சி ஒட்டிய சுவரொட்டி. 'ஃபண்டாஸ்டிக்காவுடன் சந்திப்புகள்' என்று பெரிய எழுத்தில். முப்பத்துநான்கு வருடம் நோட்டுக்குள் கிடந்த சொல் தெருச் சுவரில்! இரண்டாவது, ஐம்பது பேருக்குத்தான் இடம் என்று அதே சுவரொட்டியில் இருந்த எச்சரிக்கை. கூட்டம் நடந்த இடம் தீயணைப்பு வீரர்களின் பழைய உடற்பயிற்சிக் கூடம். இரும்புத் தூண்களுக்கு வயலட் பெயின்ட் அடித்திருந்தார்கள். கற்பனை என்ற சொல்லைக் கேட்டு ஜனம் திரண்டு வந்து அந்தக் கூடத்தை முற்றுகையிடும் என்று நகராட்சி பயந்துவிட்டது போலிருக்கிறதே என்று நெகிழ்ந்து சிரிக்கிறார்.

ஐம்பது என்ற எண்ணுக்கு வேறொரு நியாயமும் உண்டு, அதையும் அவரே சொல்கிறார். ஆட்கள் கூடினால் சந்திப்பு சொற்பொழிவாகிவிடும், யாருக்கும் பிரயோசனம் இருக்காது. பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களை உட்கார வைத்துத் திரையில் ஸ்லைடு ஓட்டும் பயிற்சிகளுக்குப் போய்வந்தவர்கள், இந்த வரியை ஒரு பெருமூச்சோடு படிப்பார்கள்.

மூன்றாவது காரணம்தான் கனமானது. கற்பனையைத் தூண்டும் உத்திகளை மட்டும் அல்ல, அவற்றை எல்லோருக்கும் எப்படிக் கைமாற்றுவது, பிள்ளைகளின் மொழிக் கல்விக்கு எப்படிக் கருவியாக்குவது என்பதை ஆற அமரப் பேசவும், பேசியதை அங்கேயே செய்து பார்க்கவும் ஐந்து நாள் கிடைத்தது. மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி, மேல்வகுப்பு ஆசிரியர்கள் கலந்து உட்கார்ந்தார்கள். டேப் ரெக்கார்டர் ஓடியது, ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அந்த ஐந்து உரையாடல்களைத் திரும்ப எழுதித்தான் 1973-ல் 'கற்பனையின் இலக்கணம்' என்ற புத்தகம் வந்தது; அது அந்த நகரத்துக்கே காணிக்கை.

நாயும் அலமாரியும்

புத்தகத்தில் உத்திகள் நிறைய. மையமானது இரட்டைச் சொல் விளையாட்டு. ஒரு குழந்தை கரும்பலகையின் முன்பக்கம் ஒரு சொல் எழுதும். இன்னொன்று பின்பக்கம், யாருக்கும் தெரியாமல். அப்புறம் பலகையைத் திருப்ப வேண்டும். இந்தச் சின்னச் சடங்குக்கே ஒரு மதிப்பு உண்டு என்கிறார் ரோதாரி. 'நாய்' என்ற சாதாரணச் சொல்கூட அந்தக் காத்திருப்பில் நின்றவுடன் சாதாரணமாக இருப்பதில்லை. இரண்டு சொற்களும் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும். குதிரையும் நாயும் ஒரே வீட்டுப் பிராணிகள், தீப்பொறி பறக்காது. நாயும் அலமாரியும் பறக்கும்.

இத்தாலிய மொழியில் அவர் இந்த இரண்டையும், பெயருக்கு முன்னால் வரும் முன்னிடைச் சொற்களால் கட்டுகிறார். தமிழில் அந்தச் சொற்கள் கிடையாது, நமக்கு வேற்றுமை உருபு. நான் முதன்முதலாக இதைப் பயிற்சி வகுப்பில் போட்டபோது எதிர்பாராமல் கிடைத்த பரிசு அது. நாயின் அலமாரி. நாய்க்கு அலமாரி. அலமாரியில் நாய். அலமாரியோடு நாய். நாயை அலமாரி… "நாயை அலமாரி என்ன பண்ணும் சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். என்ன பண்ணும்? துரத்தும். மூடிக்கொள்ளும். வளர்க்கும். பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று மனப்பாடம் செய்து விட்டொழித்த வேற்றுமை, ஒவ்வொரு உருபிலும் ஒரு கதை வைத்திருப்பதை அன்றைக்குத்தான் அவர்கள் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

எல்லா விளையாட்டும் இப்படிக் கடல் தாண்டி வருவதில்லை. சொல்லுக்கு முன்னால் ஒரு ஒட்டைச் சேர்த்துப் பொருளைத் தலைகீழாக்கும் உத்தி ஒன்று அவரிடம் உண்டு. பீரங்கி என்ற சொல்லின் முன்னால் ஓர் எழுத்தைப் போட்டு, போரை இல்லாமலாக்கும் எதிர்ப்பீரங்கியைச் செய்வார். தமிழில் ஒட்டு பெரும்பாலும் பின்னால் வருவதால் அது இங்கே நொண்டுகிறது. பதிலுக்கு நம் தொகைச் சொற்களில் கை வைக்கலாம். தீப்பெட்டியில் தீயை எடுத்துவிட்டுப் பனியைப் போட்டால் பனிப்பெட்டி, அதற்குள் பனிக்குச்சி. உரசினால் அறை குளிரும். 'என்ன ஆகும்?' வகைக் கேள்விக்கு இந்தச் சிக்கலே இல்லை. ரெஜ்ஜோ எமிலியா நகரம் பறந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். மணப்பாறை பறந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்டோம். முறுக்கு நொறுங்கிவிடும் என்பதுதான் முதல் கவலையாக இருந்தது.

எரியும் குழந்தை

அந்நகரத்து டயானா மழலையர் பள்ளியில் ஐந்தரை வயதுப் பையன் ஒருவன், கூட்டாளிகள் மூவர் கைகொடுக்க, 'விளக்கு', 'செருப்பு' என்ற இரண்டு சொல்லை வைத்துச் சொன்ன கதை புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு பையன் எப்போதும் அப்பாவின் காலணியையே மாட்டிக்கொண்டு திரிகிறான். ஒருநாள் இரவு அப்பாவுக்கு அலுத்துப்போய் அவனை விளக்கோடு மாட்டிவிடுகிறார். நடுராத்திரியில் அவன் விழுகிறான். யாரது, திருடனா என்று அப்பா வந்து பார்த்தால், பையன் தரையில் கிடக்கிறான், உடம்பெல்லாம் எரிகிறது, பல்பு எரிவது மாதிரி. அப்பா தலையைத் திருகிப் பார்க்கிறார், அணையவில்லை. காதை இழுத்துப் பார்க்கிறார், அணையவில்லை. மூக்கை அழுத்திப் பார்க்கிறார், அணையவில்லை. முடியை இழுத்துப் பார்க்கிறார், அணையவில்லை. தொப்புளை அழுத்திப் பார்க்கிறார், அணையவில்லை. கடைசியில் காலணியைக் கழற்றுகிறார். அணைந்துவிட்டது.

கடைசி யோசனை முக்கியக் கதைசொல்லியுடையது இல்லை, இன்னொரு குழந்தையுடையது. அது அவர்களுக்கே அவ்வளவு பிடித்துப்போய், தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொண்டார்களாம்.

ரோதாரி இதில் அப்பா, காலணி என்று உளவியல் பக்கம் நிறையத் தோண்டுகிறார். அதை விட்டுவிடுகிறேன். வாசிக்கக் கற்றுக்கொடுப்பவரின் கண்ணுக்கு வேறொன்று தெரியும். 'அணையவில்லை' என்ற சொல் ஐந்து தடவை ஒரே இடத்தில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் உடம்பின் ஓர் உறுப்பு மட்டும் மாறுகிறது. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினால், இரண்டாவது தடவையே எழுத்துக்கூட்டாமல் பிள்ளைகள் 'அணையவில்லை' என்று வாசிப்பார்கள். தெரியாதது ஒரு சொல், தெரிந்தது மீதி வரி முழுக்க. முதல் வகுப்புப் பாடநூல் எழுதுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு தேடும் அமைப்பு இது. பிள்ளைகள் அதைத் தாங்களாகவே கட்டிவிட்டார்கள், ஏனென்றால் வாய்க்கதையின் நடையே அதுதான். நம் ஊர் ஏழு ராஜகுமாரர் மீன் கதையில் "மீனே மீனே ஏன் காயலே" என்று ஆரம்பித்து மாடு, மேய்க்கிறவன், எறும்பு என்று போகிறதே, அதுவும் இதே எலும்புக்கூடு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தக் கதையில் வினைகள் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் தாவுகின்றன. அச்சிட்டபோதும் அதை யாரும் 'சரி' செய்யவில்லை.

தவறு என்ற சொத்து

இத்தாலியில் கார்தா என்று பெரிய ஏரி ஒன்று உண்டு. ஏரிக்கான சொல்லில் ஓர் ஒற்றைக் குறியைத் தவறான இடத்தில் போட்டால் அது 'ஊசி' ஆகிவிடும். பிள்ளைகளின் நோட்டில் வரும் இந்த வகைப் பிழையை ரோதாரி சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லவில்லை. கார்தா ஊசி என்று ஒன்று இருந்தால் அது எவ்வளவு பெரியது, யார் தைப்பது என்று கேட்கச் சொல்கிறார். தவறு செய்து கற்கிறோம் என்பது அவர் ஊர்ப் பழமொழி. தவறு செய்து கண்டுபிடிக்கிறோம் என்று அதை மாற்றிக்கொள்ளலாமே என்கிறார்.

எழுத்துப் பிழையைக் கொண்டாட வேண்டும் என்று இதைப் புரிந்துகொண்டு திரிகிறவர்களும் உண்டு. அது இல்லை. ஊசிக்கும் ஏரிக்கும் வித்தியாசம் அந்த ஒற்றைக் குறி என்று தெரிந்தால்தான் சிரிப்பு வரும். சிரித்த பிள்ளைக்கு அந்தக் குறி எங்கே போட வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

சரி, இந்த ஐந்து நாளுக்கு ஒரு வரம்பும் இல்லையா? இருக்கிறது. எத்தனை பிள்ளைகள் வாசிக்கத் தேறினார்கள் என்ற கணக்கு அந்தப் புத்தகத்தில் கிடையாது. அது அந்த மாதிரிப் புத்தகமே இல்லை. எழுத்தையும் ஒலியையும் முறையாகச் சொல்லிக் கொடுக்கும் வேலையை இது செய்யாது. உயிர்மெய் வரிசை தெரியாத பிள்ளைக்கு நாயும் அலமாரியும் கொடுத்துவிட்டு வாசிப்பு வந்துவிடும் என்று காத்திருக்க முடியாது. அதோடு, இது சமையல் குறிப்புத் தொகுப்பு இல்லை என்று ரோதாரி முன்னாலேயே சொல்லியும், பலரும் இதை அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். திங்கட்கிழமை இரட்டைச் சொல், செவ்வாய்க்கிழமை 'என்ன ஆகும்', புதன்கிழமை கதைச் சீட்டு. பாடக் குறிப்பில் ஏறியதும் விளையாட்டு செத்துவிடுகிறது. இதை நானும் செய்து கெடுத்திருக்கிறேன். ஒரு வருடம் இரட்டைச் சொல் விளையாட்டுக்கு மதிப்பெண் அட்டவணை போட்டேன். கொடுத்த இரண்டு சொற்களையும் வைத்து எல்லோரும் ஒழுக்கமான, நீதியில் முடிகிற கதை எழுதிக் கொடுத்தார்கள்.

நம் பக்கம்

தமிழ்நாட்டில் 2022-23-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கல்வித் திட்டம் கதைக்கும் பாட்டுக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பறையில் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆகவே இடம் இல்லை என்பது இப்போது சாக்கு ஆகாது. பிள்ளை சொல்வதை ஆசிரியர் எழுதுவதில்தான் சிக்கல். இத்தாலியில் அன்றைக்கு வீட்டில் வட்டார மொழி, பள்ளியில் இத்தாலிய மொழி என்று பல பிள்ளைகளுக்கு இரட்டை வாழ்க்கை. நமக்கும் பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று. பிள்ளை 'விழுந்துடும்' என்கிறது. எழுதுகிறவர் 'விழுந்துவிடும்' என்று எழுதலாமா?

பயிற்சி ஆசிரியர்கள் பெரும்பாலும் தானாகவே திருத்திவிடுகிறார்கள், அது தப்பு என்றே தோன்றாமல். அப்புறம் பிள்ளை தன் கதையைத் தானே விரல் வைத்து வாசிக்கும்போது, வாய் 'விழுந்துடும்' என்று முடித்த இடத்தில் விரலுக்குக் கீழே இன்னும் எழுத்து மிச்சம் இருக்கும். பிள்ளை குழம்பி நிமிர்ந்து பார்க்கும். என் கட்சி இதுதான்: முதல் பிரதி பிள்ளையின் வாய்ப்படி. வாயும் விரலும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். இரண்டு நாள் கழித்து, 'புத்தகத்துல எப்படி இருக்கும்?' என்று கேட்டு, பிள்ளையையும் வைத்துக்கொண்டு இரண்டாம் பிரதி. இதற்கு எதிர்க்கட்சி வலுவாக உண்டு. தப்பான தமிழைச் சுவரில் ஒட்டுகிறீர்கள் என்று ஒரு மூத்த ஆசிரியர் என்னிடம் கோபித்துக்கொண்டார். இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினோம். அவர் சமாதானம் ஆகவில்லை.

போன கற்பித்தல் பயிற்சியின்போது ஒரு மாணவி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 'நான் பல்லிக்கூடம் போனேன்' என்று எழுதியிருந்தான். சிவப்பு வட்டம் இல்லை. கீழே அவர் கேட்ட கேள்வியும் அவன் சொன்ன பதிலும், அவன் வாய்ப்படி:

"பல்லிக்கூடத்துல டீச்சர் யாரு?"

"பெரிய பல்லி. சுவத்துல ஒட்டிக்கிட்டே பாடம் நடத்தும்."

"அட்டெண்டன்ஸ் எப்படி எடுக்கும்?"

"பேரு கூப்புட்டா எல்லாம் ச்ச் ச்ச் ச்ச்னு சொல்லும். லேட்டா வந்தா பூச்சி கெடையாது."

"பரீட்சையில தோத்துட்டா?"

"வால் விழுந்துடும். ஆனா பரவால்ல டீச்சர், மறுபடி மொளச்சிடும்."

பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில், அந்த மாணவி தனக்காக எழுதிக்கொண்ட குறிப்பு: 'ல–ள பிழையிலிருந்து வந்தது. நான் கேட்டது மூணு கேள்விதான். நாலாவது கேக்கறதுக்குள்ள பக்கத்து பெஞ்ச் பொண்ணு வந்து, அது குட்டிப் பல்லிங்க பள்ளிக்கூடம், அதனால பல்லிக்குச் சின்ன ல, கூடத்துக்கு முன்னாடி பெரிய ள போடணும்னு சண்டை. இப்ப போர்டுல ரெண்டும் இருக்கு.'